கேள்வி பதில்: பாலில் கொழுப்பு, பிராய்லருக்குத் தீவனம்

கேள்வி: கன்று ஈன்று இரண்டு மாதம் ஆன கலப்பின மாடு. பால் கூடட்டும் என்று அடர்தீவனத்தை (தானிய மாவு, புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை) அதிகப்படுத்தினேன். லிட்டர் ஏறியது, ஆனால் கொழுப்பு 3.9 சதவீதத்திலிருந்து 3.1-க்கு இறங்கிவிட்டது. நல்ல டானிக் ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: டானிக் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. பாலில் உள்ள கொழுப்பு முழுவதும் புண்ணாக்கிலிருந்து நேராக வந்துவிடுவதில்லை. புல், வைக்கோல், தட்டை இவற்றின் நாரை, மாட்டின் பெருவயிற்றில் (தின்ற தீனி முதலில் போய்த் தங்கும் பெரிய இரைப்பை) இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது, மடி அதை எடுத்துத்தான் கொழுப்பில் ஏறக்குறைய பாதியைச் செய்கிறது. அடர்தீவனத்தில் உள்ள மாவு மிஞ்சிப் போனால் பெருவயிற்றில் புளிப்பு ஏறும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் தாக்குப்பிடிக்காது. மாடு குறைவாக அசை போடும், எச்சில் குறையும். அந்தப் புளிப்பை முறிப்பதே எச்சில்தான் என்பதால் நிலைமை மேலும் கெடும். இரண்டாம் மாதம் பால் உச்சத்தில் இருக்கும் காலம், கொழுப்புச் சதவீதம் இயல்பாகவே சற்றுத் தாழும் என்பது உண்மைதான். ஆனால் தீவனத்தைக் கூட்டியதும் இவ்வளவு சரிந்திருப்பதால் முதல் சந்தேகம் தீவனத்தின் மேல்தான்.

தீனி தின்று இரண்டு மணி நேரம் கழித்துத் தொழுவத்தில் போய் நில்லுங்கள். நிம்மதியாகப் படுத்திருக்கும் மாடு அசை போட வேண்டும், ஒரு கவளத்தை 50, 60 முறையாவது மென்று விழுங்க வேண்டும். 30, 40-லேயே விழுங்கிவிடுகிறது, சாணம் இளகி நுரையோடு கிடக்கிறது, அதில் மக்காச்சோளத் துணுக்குகள் அப்படியே தெரிகின்றன என்றால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. அடர்தீவனத்தை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், பாலும் சேர்ந்து விழுந்துவிடும். சில நாட்களில் படிப்படியாகக் குறையுங்கள், மீதியை இரண்டு வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். முதலில் உலர்தீவனம், அப்புறம்தான் மாவு. தின்பதில் ஈரம் போக மிஞ்சும் எடையில் பாதியாவது புல்லும் வைக்கோலுமாக இருக்கட்டும். தட்டையைத் தூளாக வெட்டினால் அதில் நார் இருந்தும் பயனில்லை, விரல் கணு அளவுக்காவது நீளம் வேண்டும். அடர்தீவனத்தில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ சமையல் சோடா கலப்பது உதவும், ஆனால் அதை மட்டும் கலந்துவிட்டு மற்றதை மாற்றாமல் இருந்தால் பலன் கிடைக்காது.

கடைசிப் பாலை ஒட்டக் கறக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியில் வருவதில்தான் அதிகம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதலில் கறந்ததை மட்டும் அளந்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. ஆனாலும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8 சதவீதத்துக்குக் கீழே வருகிறது, பால் வாங்குபவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. எஸ்.என்.எஃப். என்பது பாலில் உள்ள புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் சேர்ந்தது. மாட்டுக்குப் போதுமான எரிசக்தி கிடைக்காவிட்டால் புரதம் குறையும், வெறும் வைக்கோலில் ஓடும் மாடுகளில் இது அடிக்கடி நடக்கும். கடும் வெயிலும் குறைக்கும். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதாக இருந்தால், கறந்த சூட்டோடு நுரை அடங்காத பாலில் அளவு குறைவாகத்தான் காட்டும், பால் ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் சரி என்றால் மடியைப் பாருங்கள். வீக்கம், கட்டி எதுவும் வெளியே தெரியாத மடிநோயிலேயே பால் சர்க்கரை குறைந்துவிடும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகக் கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை செய்யுங்கள், மருந்துத் திரவம் கலந்ததும் பால் கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் கோளாறு. கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் நீங்களாக ஊசி போடாதீர்கள். கறந்து முடித்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை மாடு படுக்காமல் இருக்க அப்போது தீனி போடுங்கள். செலவே இல்லாத வேலை, இதைப் பலர் செய்வதில்லை என்பதுதான் ஆதங்கம்.

கேள்வி: மழையில் நனைந்து மக்காச்சோளம் லேசாகப் பூசணம் பிடித்துவிட்டது. பிராய்லருக்கு ஆகாது என்று தெரியும். மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. மாட்டின் வயிறு எதையும் தாங்கும் என்ற எண்ணத்தால் வருவது இது. அந்தப் பூஞ்சை சுரக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, மாட்டின் ஈரலில் உருமாறி ஒரே நாளுக்குள் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. அதைக் குடிக்கப் போவது பெரும்பாலும் குழந்தைகள். வெயிலில் காயவைத்துப் பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நச்சு தானியத்துக்குள்ளேயே இருக்கும். கோழிக்கும் இது ஈரலைத்தான் கெடுக்கிறது, எதிர்ப்புச் சக்தி சரிந்து, போட்ட தடுப்பூசி கூடச் சரியாக வேலை செய்யாமல் போகும். மனம் கேட்காதுதான், ஆனாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு மூட்டை கட்டுங்கள், மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கேள்வி: பிராய்லருக்குக் கம்பெனித் தீவனம் வாங்குவதா, நாமே அரைப்பதா? மாட்டுத் தீவனம் மீதம் இருக்கிறது, அதைச் சேர்க்கலாமா?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், சேர்க்காதீர்கள். மாட்டுத் தீவனத்தில் யூரியா இருக்கலாம். பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கும், கோழிக்கு அந்த வசதி இல்லை. நாரும் அதிகம். முட்டைக்கோழித் தீவனமும் வேண்டாம், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பிராய்லரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சொந்தமாக அரைப்பதில் தவறே இல்லை, ஆனால் வெறும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் போதாது. மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்கள், வைட்டமின், தாது உப்பு எல்லாம் கிராம் கணக்கில் சரியாக விழ வேண்டும், சீராகக் கலக்க வேண்டும். புரதம் தொடக்கத்தில் 22 சதவீதத்தை ஒட்டியும், கடைசிக் கட்டத்தில் 18, 19 ஆகவும் இருக்கட்டும். சோயாவைப் பச்சையாக அரைத்துப் போட்டால் புரதம் செரிக்காது, சூடுபடுத்தியதுதான் வேண்டும். கொஞ்சம் கோழிகள்தான் என்றால் முதல் பத்து நாளுக்காவது குருணைத் தீவனம் வாங்கிப் போடுங்கள் என்பேன். அந்த வயதில் பின்தங்கிய குஞ்சைப் பிறகு தூக்கி நிறுத்துவது கஷ்டம்.

குஞ்சு வந்து இறங்கிய மறுநாள் பத்திருபது குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து, மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் கொட்டகையில் சூடு போதுமா, தீவனத் தட்டு எட்டுகிறதா என்று உடனே கவனியுங்கள்.