கற்றாழைக் கூழ் நான்கே நாளில் கெடுவது ஏன்?

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்சில் வசிக்கிறேன். தாழ்வாரத்துத் தொட்டியில் வளரும் கற்றாழையிலிருந்து கூழ் எடுத்து, இரண்டு வைட்டமின் ஈ மாத்திரைகளை உடைத்து ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். நான்கே நாளில் நீர்த்துப்போய்ப் புளித்த வாடை வந்துவிட்டது. 14 வயது மகளின் முகப்பருவுக்காகச் செய்தது. வீட்டிலேயே கெடாமல் வேறு என்ன செய்துகொள்ளலாம்? அண்டை வீட்டார் விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. கற்றாழைக் கூழில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கிருமிகளுக்குப் பிடித்த சர்க்கரைகளும் உண்டு. வைட்டமின் ஈ, எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது தடுக்காது. மருந்தகத்தில் நின்று இதை அடிக்கடி விளக்குகிறேன், ஆனாலும் நம்பிக்கை மாறுவதில்லை. முகர்ந்து பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். வாடை வருவதற்கு முன்பே கிருமிகள் பெருகியிருக்கும், அதைப் புண்பட்ட பருவின் மேல் பூசுவது நல்லதல்ல.

ஆகவே உலர்ந்ததை உலர்ந்ததாகவே வையுங்கள். எண்ணெயை எண்ணெயாகவே வையுங்கள். தண்ணீர், தயிர், ரோஜாப் பன்னீர் எதுவானாலும் பூசும் வேளையில் மட்டும் சேருங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்த கிரீமை வீட்டில் முயலவே வேண்டாம். தகுந்த பதப்படுத்தும் பொருள் இல்லாமல் அது நிற்காது.

கற்றாழையை விட்டுவிட வேண்டியதில்லை. முற்றிய அடிமடலை அறுத்ததும், அறுத்த முனை கீழே இருக்கும்படி ஒரு குவளையில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடிந்து அடியில் தேங்கும். பலருக்கு அரிப்பைத் தருவது அந்தப் பால்தான். பிறகு மடலைக் கழுவி, தோலைச் சீவி, தோலை ஒட்டிய மஞ்சள் படலம் வராமல் கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுங்கள். அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு கட்டி, அதுவும் கிண்ணத்தில் உருகிய பிறகு. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தட்டில் இருப்பதை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

குளியல் மாவுக்குப் பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் உலர்ந்த ரோஜா இதழும் போதும், எல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கிடைக்கும். அரைத்த சூடு ஆறியபின் மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, உலர்ந்த டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வையுங்கள். குளியலறையில் வைத்தால் கட்டி தட்டிவிடும். இந்த மாவு உங்களுக்கு. மகள் முகத்தில் தேய்க்க வேண்டாம். பருவின் மேல் உரசினால் வீக்கமும் தழும்பும் கூடும்.

உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் ஒரு தைலம் செய்யலாம். நான் மிகவும் விரும்பிச் செய்வது இதுதான். குளிர் நாட்டுக் குறிப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு மெழுகு போதும் என்பார்கள். சிங்கப்பூர் வெயிலில் அது பையிலேயே குழைந்துவிடும். தேங்காயெண்ணெய் 25 பாகை செல்சியசுக்கு மேல் உருகி நிற்பது, எனவே இங்கே அது உறைந்து தைலத்தை இறுக்கும் என்று நம்ப முடியாது. 75 கிராம் நல்லெண்ணெய்க்கு 25 கிராம் தேன்மெழுகு என் கணக்கு. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். 65 பாகைக்குள் மெழுகு உருகிவிடும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் அழுத்துங்கள். சட்டென்று நழுவினால் இன்னும் கொஞ்சம் மெழுகு, கல்லாக நின்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். வெந்நீரின் ஆவி கிண்ணத்துக்குள் இறங்கவே கூடாது.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் புளிப்பு சருமத்துக்கு மிகக் கடுமை. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரும், கறுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கும். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே வாழும் நமக்கு இது பெரிய ஆபத்து. வெயில் தடுப்புக் களிம்பையும் கடையில்தான் வாங்க வேண்டும்.

புதிதாக எதைச் செய்தாலும் முழங்கையின் உட்புறம் நாளுக்கு இருமுறை என ஒரு வாரம் தடவிப் பாருங்கள். மகளின் பரு வலித்தாலும், தழும்பு விட்டாலும், இரண்டு மாதத்தில் தணியாவிட்டாலும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் செல்லுங்கள். கற்றாழை குளிர்ச்சி தரும், ஆனால் அதைப் பருவுக்கு மருந்தாக நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

விற்பனை வேறு கதை. அழகுப் பொருள் எதையும் விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு இப்போதைக்குத் தைலத்தை மட்டும், செய்த தேதியையும் சேர்த்த பொருள்களையும் எழுதி ஒட்டி, அன்பளிப்பாகக் கொடுங்கள். கூழைக் கொடுக்காதீர்கள்.