யார் வீட்டுப் பிள்ளை?

வணக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து என் வீட்டுக்காரர் எங்கள் நகரத்தார் (செட்டியார்) குடும்ப வம்சாவளி எழுதுகிறார். எங்கள் ஆட்கள் கோயில் வாரியாகப் பிரிந்தவர்கள் அல்லவா, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் “எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் பிள்ளை?” என்று தொடங்கிவிடுகிறார். சார்ட்டை விரித்தால் வளவு (வீட்டு முற்றம்) கொள்ளவில்லை. அதில் ஒரு பாட்டையா, தன் மகன் பிறந்து முப்பது வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறார்! கேட்டால், “ஏட்டில் அப்படித்தான் இருக்கு” என்கிறார். இது தெளியுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

தெளியாது. ஆனால் பாட்டையாவைச் சரிசெய்துவிடலாம்.

ஏட்டில் ‘விபவ வருஷம் தை’ என்று மட்டும் இருந்திருக்கும். தமிழ் வருஷப் பேர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், அது 1929 தொடக்கமாகவும் இருக்கலாம், 1869 தொடக்கமாகவும் இருக்கலாம். அறுபதைக் கழித்துப் பாருங்கள், பாட்டையா மகனைவிட முப்பது வயது மூத்தவராகிவிடுவார். வேறெங்காவது தேதியும் கிழமையும் எழுதியிருந்தால் உறுதிசெய்ய அது போதும். அறுபது வருஷத்தில் அதே தமிழ்த் தேதி ஐந்தோ ஆறோ கிழமை தள்ளிப்போகும், ஒரே கிழமையில் வராது. முத்திரைத்தாளாக இருந்தால் இன்னும் எளிது: விக்டோரியா ராணி தலையா, ஐந்தாம் ஜார்ஜ் தலையா என்று பார்த்தால் தீர்ந்தது. தை முதல் பங்குனி வரை ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடுவதையும் வம்சாவளி எழுதுபவர்கள் மறப்பதுண்டு. ஏட்டுத் தலைப்பில் உள்ள பிள்ளையார் சுழியைத் தமிழ் எண் இரண்டு (௨) என்று படித்து, ‘௫’ என்ற தமிழ் எண் ஐந்தை ‘ரு’ என்று எண்ணி ரூபாயாக்கிக் கணக்கைக் குழப்பியவர்களும் உண்டு.

பந்தி விசாரணையைத் தடுக்காதீர்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பேர் வைப்பதால் ராமநாதனும் அருணாசலமும் மாறி மாறி வருவார்கள். ‘ராம. அரு. ராம.’ என்ற விலாசத்தை (மூத்தோர் பேர்களின் முதலெழுத்துகளை) வைத்து எந்த ராமநாதன் என்று சொல்ல முடியாது. பெண்டாட்டி பேரையும் அவர் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதினால்தான் ஆள் பிரிவார். பெட்டகத்தில் கிடக்கும் இசைகுடிமானத்தையும் (கல்யாண ஒப்பந்த எழுத்து) பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரிய சிக்கல் பிள்ளைகூட்டல், அதாவது தத்தெடுப்பது. கூட்டிய பிள்ளை வந்த வீட்டு விலாசத்தை எடுத்துக்கொள்வதால், பிறந்த வீடு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். வந்த வீட்டுக்கு முழுக் கோடும் பிறந்த வீட்டுக்குப் புள்ளிக் கோடும் போட வேண்டும். கூட்டிய பிள்ளை யார் என்று கேட்கத் துக்க வீடு மட்டும் இடமில்லை. அங்கே நோட்டு வெளியே வந்தால் நீங்கள் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குணமும் உண்டு. ஆறு தலைமுறை வரை தாளும் ஏடும் காட்டுவார்கள், ஏழாவதில் ஒரே தாவலில், நம்மவர்களின் பூர்வீகம் என்று சொல்லப்படும் காவிரிப்பூம்பட்டினம் போய்விடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாரா? ஏழாவதிலிருந்து மேலே உள்ளதைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.