மசாலாவில் எதற்குக் கூடுதல் பணம்?

கேள்வி: மூன்று மடங்கு விலை சொல்லும் மிளகு வாங்கலாமா?

பதில்: முழு மிளகாக, சாப்பிடும் நேரத்தில் பொடித்துத் தூவுவதற்கென்றால் வாங்கலாம். மிளகின் காரம் அதிலுள்ள பைப்பரின் என்ற பொருள் தருவது, கொதித்தாலும் நிற்கும். மணம் தரும் எண்ணெய்தான் ஆவியோடு போய்விடும். அரை மணி நேரம் கொதிக்கப்போகும் பாத்திரத்துக்குச் சாதாரண மிளகே போதும்.

கேள்வி: தள்ளுபடியில் ஒரு கிலோ மல்லித்தூள் வாங்கி அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தேன். எட்டு மாதத்தில் மணமே இல்லை. கம்பெனி மேல் புகார் செய்யலாமா?

பதில்: எதற்கு? அரைத்த தூளை எட்டு மாதம் சூட்டில் வைத்தது நீங்கள்.

கேள்வி: "ஒரே தோட்டம், கையால் பறித்தது" என்று போட்ட ஏலக்காய்த்தூள் கண்ணாடி ஜாடியில் வருகிறது. விலைக்குத் தகுமா?

பதில்: தோட்டத்தைப் பற்றி அவ்வளவு எழுதுகிறவர்கள், எப்போது பறித்தது, எப்போது அரைத்தது என்று ஏன் எழுதுவதில்லை? மூட்டையில் ஒரு வருடம் கிடந்ததை நேற்று அடைத்தால், லேபிளில் நேற்றைய தேதிதான் வரும். அப்படி ஒரு ஜாடிக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். திறந்தால் மரத்தூள் வாசம். தோலையும் சேர்த்து அரைத்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. முழுதாக வாங்குங்கள். ஏலக்காயைப் பிளந்தால் விதை கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்ட வேண்டும். பழுப்பேறி உலர்ந்திருந்தால் பழசு. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலாக நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்தே மிதக்கும். கூடுதல் விலையை அறுவடை வருடம் எழுதுகிறவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: சேமித்து வைத்து வாங்கிய குங்குமப்பூவை வெந்நீரில் போட்டதும் தண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிட்டது. இழை வெளுத்துவிட்டது.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் மேல் தவறே இல்லை. சாயம் ஏற்றிய இழையைப் பாக்கெட்டுக்குள் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அசல் பூ வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்லப் பொன்மஞ்சள் விடும். இழை சிவப்பாகவே இருக்கும். ஒரு நுனி எக்காளம் போல விரிந்திருக்கும். நாக்கில் கசக்கும், இனித்தால் சந்தேகப்படுங்கள். மீதிப் பூ, பாக்கெட், ரசீது மூன்றையும் எறியாமல் வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: இலங்கைப் பட்டைக்கு ஏன் இவ்வளவு விலை?

பதில்: மெல்லிய உள்தோலைச் சீவி, பல அடுக்காகக் கையால் சுருட்டுகிறார்கள், விரலாலேயே நொறுங்கும். கேசியா என்ற மலிவான பட்டை ஒரே தடித்த தோல், காரம் அதிகம். எப்போதாவது போடுகிறவர்களுக்குக் கேசியா போதும். தினமும் சேர்த்தால் இலங்கைப் பட்டையே நல்லது: ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதில் மிகக் குறைவு.

கேள்வி: கேக்குக்கு அசல் வெனிலா காய் அவசியமா?

பதில்: வேண்டாம். அதன் நுண்மணம் அடுப்பிலேயே போய்விடும். வேகவைக்காத கிரீமுக்கு மட்டும் வாங்குங்கள்.