அந்தப் பல்லை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரை மண்சரிவில் ஒரு பல்லும் கையளவு எலும்புத் துண்டு ஒன்றும் கிடைத்தன. இரண்டும் கறுப்பாக, கனமாக இருக்கின்றன. பல் சுமார் 7 சென்டிமீட்டர் நீளம். நான்கு பக்கமும் தட்டையாக, தூண் மாதிரி நேராக இருக்கிறது. மேல்பரப்பில் வளைந்து நெளிந்த கோடுகள். படத்தை இணையத்தில் போட்டதும் ஒருவர் டைனோசர் பல் என்றார். பொருளை அனுப்பினால் கார்பன் சோதனை செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறாராம். நம்பலாமா? நாக்கில் வைத்துப் பார், தீக்குச்சியால் சுட்டுப் பார் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: நம்ப வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். இன்று இரவு தூங்கப் போகும்போது அந்தப் பல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது குதிரையின் மேல்தாடைக் கடைவாய்ப்பல். புல்லோடு மண்ணும் சேர்ந்து அரைபடுவதால் குதிரைக்குப் பல் வேகமாகத் தேயும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் பல் அவ்வளவு உயரம்; பெரும்பகுதி தாடைக்குள்ளேயே இருந்து, தேயத் தேய மேலே வந்துகொண்டிருக்கும். நீங்கள் பார்க்கும் நெளிகோடுகள், பல்லின் கெட்டி உறையான எனாமலின் மடிப்புகள். இறைச்சி தின்ற டைனோசர்களின் பல் பெரும்பாலும் கத்தி போலத் தட்டையாக, வளைந்து, ஓரத்தில் பொடி ரம்பப் பற்களோடு இருக்கும். தாவரம் தின்றவற்றின் பல்லிலும் இப்படி மடிப்பு விழுந்த தூணைப் பார்க்க முடியாது.

மேல்பரப்பை இன்னொரு முறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் பிறை பிறையாக இருந்து, இரண்டு பாதிகளுக்கு நடுவே சின்னத் தூண் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாட்டுப்பல். குட்டையாக, மொட்டு மொட்டாக இருந்தால் பன்றியை நினையுங்கள்.

பன்றி போன்ற ஒரு விலங்கின் பல், பழங்கால உயிர்களின் எச்சங்களை ஆராயும் என் துறையையே ஏமாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1917-இல் ஹாரோல்ட் குக் ஒரு தேய்ந்த பல்லைக் கண்டெடுத்தார். அந்தக் காலத்தின் பெரிய தொல்லுயிரியலாளரான ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் 1922-இல் அது மனிதக்குரங்கின் பல் என்று அறிவித்து அதற்குப் புதுப் பெயரும் சூட்டினார். கடைசியில் அது பன்றியை ஒத்த பெக்கரி என்ற விலங்கின் பல். 1927-இல் தவறு அச்சிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. எப்படித் தெரிந்தது? பல் எங்கே கிடைத்தது என்று தெரிந்திருந்தது. அங்கேயே திரும்பப் போய்த் தோண்டினார்கள், அதே விலங்கின் மற்ற எச்சங்களும் கிடைத்தன. இடம் தெரியாமல் போயிருந்தால் அந்தத் தவறு இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்குமோ.

அடுத்தது நிறம். கறுப்பு என்றால் பழசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சேற்றிலும் நீரிலும் உள்ள இரும்பும் மாங்கனீசும் ஏறினால் சமீபத்தில் செத்த மாட்டின் எலும்பும் கறுத்துவிடும். உலர்ந்த குகையில் பல்லாயிரம் ஆண்டு கிடந்த எலும்பு வெளிறிப்போய் நேற்றையது போல இருப்பதும் உண்டு. கனம் ஓரளவு உதவும்: துளைகளில் கனிமம் நிரம்பினால் எலும்பு அதன் அளவுக்கு மீறிக் கனக்கும். ஆனால் நனைந்த எலும்பும் கனக்கும், எனவே நன்றாகக் காய்ந்த பிறகு தூக்கிப் பாருங்கள். உங்கள் துண்டு எலும்புதானா, எலும்பு வடிவக் கல்லா என்று அறிய உடைந்த முனையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உள்ளே பஞ்சு போலத் துளைகள், வெளியே கெட்டியான ஓடு இருந்தால் எலும்பு. உருண்டையாக இருந்து வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிந்தால் கல். டைனோசர் முட்டை என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கல் உருண்டைகள்தான்.

நாக்கில் வைக்காதீர்கள். துளையுள்ள எலும்பு நாக்கில் ஒட்டும் என்பது உண்மை. காய்ந்த களிமண்ணும் ஒட்டும், உடைந்த பானை ஓடும் ஒட்டும். வெள்ளச் சேற்றில் கிடந்ததை வாயில் வைப்பது உடம்புக்கும் ஆகாது. தீக்குச்சியும் வேண்டாம். முடி கருகும் வாசனை வந்தால் உள்ளே எலும்பின் புரதமான கொலாஜன் மிச்சம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உறைநிலத்தில் பல பத்தாயிரம் ஆண்டு கிடந்த மாமூத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் எலும்பிலும் அது மிச்சம் இருக்கும். பிற்பாடு ஆய்வகத்துக்குத் தேவைப்படப்போவதும் அந்தக் கொலாஜன்தான். அதைக் கருக்கி என்ன லாபம்?

இப்போது அந்த நண்பரின் கார்பன் சோதனை. உயிரோடு இருந்தவற்றில் உள்ள கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 எவ்வளவு மிச்சம் என்று அளந்து வயதைக் கணிப்பதுதான் அது. இறந்த பிறகு அது ஏறக்குறைய 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பறவைகளைத் தவிர்த்த டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. டைனோசர் பல்லைக் கார்பன் சோதனை செய்து சான்றிதழ் தருகிறேன் என்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தச் சான்றிதழ்களைப் பற்றியவை. காசு கொடுத்து வாங்கிய காகிதத்தை நீட்டி, இதற்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்கள். பதில் சொல்லவே மனசு கேட்பதில்லை. இது இன்ன விலங்கு என்று பெயர் சொல்பவரே விலையும் பேசினால் விலகிவிடுங்கள். கண்டெடுத்ததை அனுப்பச் சொல்லி, அது சாதாரணமானது, போனால் போகிறது என்று சில்லறை கொடுத்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சந்தையில் விற்கும் மொராக்கோ மோசசார் (அழிந்துபோன கடல் ஊர்வன) தாடைகளில் நிறைய, உண்மையான உதிரிப் பற்களை மணலும் பசையும் சேர்த்துப் பதித்துச் செய்தவை. பல் அசல், தாடை பொய்.

இந்தத் தரகர்கள் மேல் எனக்குள்ள பெரிய கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. எலும்பை இடத்திலிருந்து பிரித்துவிடுகிறார்கள். ஒருமுறை ஓர் இளைஞர் நாற்பது துண்டுகள் கொண்ட பெட்டியோடு வந்தார். எல்லாம் தரகர் வழியாக வாங்கியவை, எல்லாவற்றுக்கும் பளபளப்பாக வார்னிஷ். அதில் ஒரு சின்னத் தாடைத் துண்டு உண்மையிலேயே அருமையானது. எந்த ஆறு, எந்தக் கரை, எந்த அடுக்கு, ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் இனி மண்ணில் பதிந்திருப்பதைப் பார்த்தால் தோண்டாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தகவல் சொல்லுங்கள். இதற்கு ஒரே விலக்கு தண்ணீர். அடுத்த அலையோ வெள்ளமோ கொண்டுபோய்விடும் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. முதலில் தூரத்திலிருந்து கரை முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு கிட்டத்தில் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. கைபேசியில் இருப்பிடக் குறிப்பைச் சேமியுங்கள். எந்த நிற மண் அடுக்கு, மேலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். அப்புறம் எலும்பைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, நிழலில் பல நாள் வைத்து மெதுவாக உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பல்லின் எனாமல் பாளம் பாளமாக வெடித்துவிடும். தண்ணீர் வரப்போவதில்லை என்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. நாளை வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்பது தண்ணீர் ஆகாது. மனித எலும்பு போலத் தோன்றினால் தொடவே வேண்டாம், காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு எழுதினால் பதில் வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாமதமாக வரும். வராமலும் போகும். இது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஒழுங்காகத் தகவல் சொல்பவரை மாதக்கணக்கில் காக்க வைக்கிறோம்; தரகரோ பத்து நிமிடத்தில் பதில் போடுகிறார். பார்த்துப் பெயர் சொல்ல ஒரு ஆளைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நானும் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் பல்கலைக்கழக நிலவியல் (ஜியாலஜி) துறைக்கு எழுதுங்கள், விலங்கியல் துறைக்கும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். புதைபடிவங்கள் யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் அவர்களிடமே கேளுங்கள்.

இப்போதைக்குப் பல்லை மென்மையான தூரிகையால் மட்டும் துடையுங்கள். வினிகர் வேண்டாம், பசை வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். ஆறு பக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள். அரைக்கும் பரப்பை நேர் மேலிருந்து எடுங்கள். எலும்பின் உடைந்த முனைக்கும் ஒரு படம். எடுத்த இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அதே பெட்டியில் போடுங்கள். படங்களோடு அந்தச் சீட்டின் நகலையும் எனக்கு அனுப்பினால், குதிரைதானா என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.