பேக்டரி வேலைன்னா மட்டமா?

கேள்வி: அண்ணே வணக்கம், மகனுக்கு பாலிடெக்னிக்ல மெக்கட்ரானிக் (மெஷினும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த படிப்பு) டிப்ளோமாவுக்கு இடம் கிடைச்சிருக்கு. பக்கத்து வீட்டுல, "அத படிச்சா பினாங்கு பேக்டரிதான், அக்கவுண்ட் படிக்க வச்சு கேஎல்லுக்கு (கோலாலம்பூருக்கு) அனுப்புங்க"ன்னு குழப்புறாங்க. என்ன செய்ய?
– ஒரு அம்மா, நிபோங் திபால்

பதில்: பீஸ் அவங்களா கட்டப்போறாங்க அக்கா? கேஎல்ல பேங்க், இன்சூரன்ஸ்னு ஆபிஸ் வேலை நெறைய இருக்கு, இல்லேங்கல, ஆனா ரூம் வாடகை, சாப்பாடு போக கையில என்ன மிஞ்சும்னு அங்க இருக்குற பிள்ளைங்கள கேட்டுப் பாருங்க. உங்களுக்கோ பத்து காவான் தொழிற்பேட்டை பக்கத்துலயே இருக்கு, தீவுக்குப் போற பாலம்கூட ஏற வேணாம். ஒரு காலத்துல நம்ம ஆளுங்க தோட்ட வேலை செஞ்ச எடம் அது, இப்ப மைக்ரோன், லாம் ரிசர்ச்னு சிப் தொழில் கம்பெனிங்க வரிசையா நிக்குது, சிப் மட்டுமில்ல, பாஸ்டன் சயன்டிபிக் மாதிரி மருத்துவச் சாமான் செய்றவங்களும் இருக்காங்க.

பேக்டரின்னாலே லைன்ல நிக்கிற ஓப்பரேட்டர் மட்டுந்தான்னு நெனைக்காதீங்க. மெஷின் டவுன் ஆனா லைனே நின்னுரும், அப்ப ஓடி வர்றது டெக்னிஷியன், உங்க மகன் படிக்கப் போறது அந்த வேலைக்குத்தான்.

ஆனா ஒண்ணு, வேலைக்குப் போறப்ப "மாசம் 2,700 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும்"னு எவனாவது சொன்னா பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்ளோன்னு மொதல்ல கேக்கச் சொல்லுங்க. குறைஞ்சபட்ச சம்பளம் 1,700, பேசிக் அதுதான்னா, அத 26 நாள், 8 மணி நேரத்தால வகுத்து ஒன்றரை மடங்கு போட்டா ஓடி (ஓவர்டைம்) மணிக்கு 12 வெள்ளி சொச்சம், தினம் 4 மணி நேரம்னு 20 நாள் செஞ்சாத்தான் அந்த மிச்ச ஆயிரம் கிட்டத்தட்ட வருது. ஆர்டர் கொறஞ்சா மொதல்ல வெட்டுறது ஓடியத்தான், 2023ல சிப் வியாபாரம் படுத்தப்ப, ஓடிய நம்பி காருக்கு லோன் போட்ட பசங்க முழிச்சத நானே பாத்தேன். ஏஜென்ட் மூலமா கான்ட்ராக்டா, கம்பெனியே நேரா எடுக்குதா, அதயும் கேக்கணும்.

கேள்வி: பினாங்குக்கு மட்டும் ஏன் இவ்ளோ பேக்டரி?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: பொழப்பு போனதாலதான் தம்பி. 1969ல பினாங்கோட வரியில்லா துறைமுக அந்தஸ்து பறிபோச்சு, ஊர் பூரா வேலையில்லாத பசங்க. அப்ப முதலமைச்சரா வந்த லிம் சோங் இயூ வெளிநாட்டு கம்பெனிங்கள தேடிப்போய் கூப்பிட்டாரு, 1972ல வயல்காடா கெடந்த பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்துச்சு, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளிய போட்ட மொத பேக்டரியே அங்கதான்.

எங்க அத்தை அந்தக் காலத்துல அங்க ஒரு பேக்டரில மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சுக்கிட்டு முடிய விட மெலிசான தங்கக் கம்பிய சிப்புல ஒட்டுனவங்க. இன்னிக்கு ஊசில நூல் கோக்க என்னையத்தான் கூப்பிடுறாங்க.