காய்ந்த முட்டைக் கறையைச் சுரண்ட வேண்டாம்

வணக்கம். புத்தாண்டு இரவில் யாரோ விளையாட்டாக வீசிய முட்டை காரின் பானட்டில் காய்ந்துவிட்டதாகவும், அதைச் சுரண்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சுரண்டாதீர்கள், வண்ணத்தின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிமனே இருக்கும் என்பதால், ஒட்டியிருக்கும் ஓட்டுத் துண்டுகளே அதைக் கீறிவிடும். கொதிநீரும் வேண்டாம், வெள்ளைக்கரு வெந்து இன்னும் இறுகிவிடும். காரை நிழலில் நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் கார் ஷாம்பு கலந்து, அதில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறைமீது 10 நிமிடம் போட்டுவைத்து, ஓடுகளை முதலில் நீரூற்றி அகற்றிய பிறகே மெல்லத் துடையுங்கள்; போகாவிட்டால் மறுபடியும் ஊற வையுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். அதன் பின்னும் மங்கல் தெரிந்தால், அந்த இடத்தை நகத்தால் வருடும்போது பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் பாலிஷ் செய்து பார்க்கலாம். காப்பீட்டுத் தொகை கோரும் எண்ணமிருந்தால், நோ கிளெய்ம் போனஸை (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை) இழப்பதைவிடப் பழுதுச் செலவு அதிகமா என்று முதலில் கணக்கிடுங்கள்.