கட்டைவிரல்களால் தமிழ் எழுதுவது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற ஆண்டு கையடக்க கேமிங் கணினி ஒன்று வாங்கினேன். விளையாட அருமை. ஆனால் பாஸ்வேர்டு போடவோ, சேர்ந்து ஆடும் நண்பனுக்கு இரண்டு வரி பதில் போடவோ நேர்ந்தால் எரிச்சலாகிவிடுகிறது. திரையில் எழும் கீபோர்டு பாதி ஆட்டத்தை மறைத்துவிடுகிறது. ஸ்டிக்கை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போகவேண்டும். தமிழில் எழுதுவதை நினைத்தே பார்க்க முடியவில்லை. ப்ளூடூத் கீபோர்டு வாங்குவதுதான் ஒரே வழியா?

கே.

அன்புள்ள கே.,

மேசைமேல் வைத்து நிறைய எழுதுவீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ரயிலிலோ கட்டிலில் சாய்ந்தபடியோ ஆடுகிறவருக்கு அது உதவாது.

செல்போனில் மளமளவென்று அடிக்கும் நாம் இதில் திணறுவதற்கு எடைதான் முதல் காரணம். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் 669 கிராம். அதே வகையைச் சேர்ந்த லெனோவோ லீஜன் கோ 850 கிராமுக்கும் மேல். பிடி இரு ஓரங்களில், திரை நடுவில். கட்டைவிரல் நடுத்திரைக்கு எட்டாது. ஒரு கையை எடுத்தால் மொத்த எடையும் இன்னொரு மணிக்கட்டில் இறங்கும். ஆகவே கைகள் பிடியை விடாமல் எழுத வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

குவெர்ட்டி என்ற வழக்கமான ஆங்கிலப் பலகையில் ஸ்டிக்கால் ஊர்வதற்குக் கை நகர வேண்டாம், ஆனால் அது பத்து விரல்களுக்கென்று அமைந்த பலகை. மேல்வரிசையில் 'க்யூ'விலிருந்து 'பி'க்குப் போக ஒன்பது நகர்வு. 2025இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11க்கு கேம்பேட் பொத்தான்களாலேயே இயக்கும் ஒரு திரைக் கீபோர்டைத் தந்தது. எக்ஸ் பொத்தான் அழிக்கும், ஒய் இடைவெளி விடும். நல்ல உதவிதான், ஊர்வது மட்டும் ஓயவில்லை.

ஸ்டீம் டெக்கில் ஸ்டீம் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு வரும். டிராக்பேடு எனும் இரண்டு தொடுபரப்புகளிலும் விரல் வைத்தால் ஆளுக்குப் பாதிப் பலகை என்று இரு கட்டைவிரல்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2015இல் வந்த ஸ்டீம் கன்ட்ரோலரிலேயே இருந்த யோசனை இது. கொஞ்சம் பொறுமையாகப் பழகினால் கை வசப்படும்.

ஆனால் நீங்கள் தமிழ் என்றதும் எனக்கு நினைவு வந்தது அதற்கும் முந்தையது. 2012இல் வால்வ், ஸ்டீமை டிவியில் கன்ட்ரோலரால் இயக்குவதற்கான தன் பிக் பிக்சர் பயன்முறையில் டெய்சி வீல் என்று ஒன்றைத் தந்தது. பூவைப்போல எட்டு இதழ், இதழுக்கு நான்கு எழுத்து. இடது ஸ்டிக்கால் இதழைக் காட்டி, வலக்கையின் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் எழுத்து விழும். எந்த எழுத்தும் ஒரே தூரம். ஆக மொத்தம் 32 இடங்கள். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்குத் தேவை உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதாவது 31! மீதி 216 உயிர்மெய்களும் இவை சேர்ந்தே பிறக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கே அழுத்தலில் அம்மா வந்துவிடுகிறாள். கிரந்த எழுத்துகளைத் தோள் பொத்தானோடு சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு இயல்பாக நம் எழுத்துமுறை பொருந்தும் ஒரு பலகை வழக்கொழிந்து போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதை நாமே ஓரளவு மீட்க முடியும் என்று நினைக்கிறேன். பொத்தான்களின் வேலையை மாற்றியமைக்க உதவும் ஸ்டீம் இன்புட்டில் வட்டமாக விரியும் ரேடியல் மெனு அமைக்கலாம், அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விசையைக் கொடுக்கலாம். கணினியில் தமிழ்99ஐத் தேர்ந்துகொண்டு, இடது ஸ்டிக்கின் வட்டத்தில் உயிர்களையும் வலதில் மெய்களையும் அடுக்கிப் பாருங்கள். ஆட்டத்துக்கு நடுவே வேண்டாம், முதலில் ஒரு வெற்றுக் கோப்பில். சரியாக அமைந்தால் அந்த அமைப்பை எல்லோருக்கும் பகிருங்கள். பாஸ்வேர்டு தொல்லைக்கு, திரையில் வரும் கியூஆர் குறியீட்டைப் போனிலுள்ள ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்து உள்நுழையும் வசதி ஸ்டீமில் இருக்கிறது.